பிரிஜாவின் குரலை அழிக்கும் முன்

அனுப்புநர்:
ஜ. ஆன்ட்ரூஸ் (வயது 39),
த/பெ. ஜஸ்டஸ்,
மீன்பிடித் தொழிலாளி,
இனயம், கிள்ளியூர் வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தென்கடலோரத் தொற்றுநோயியல் ஆய்வு மையம்,
நாகர்கோவில்.

பொருள்: ஃபுளூ தடுப்பூசி ஆய்வில் பங்குபெற்று, ஆய்வு நடந்த காலத்திலேயே இறந்துபோன என் மனைவி பிரிஜாவின் தொலைபேசிக் குரல்பதிவுகள் – நகல் கோருதல் – அதுவரை அவற்றை அழிக்காமல் நிறுத்திவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: என் கோரிக்கையை மறுத்துத் தங்கள் அலுவலகம் சென்ற மாதம் அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து தங்குகடல் தொழிலுக்குப் போகும் விசைப்படகில் வேலை செய்கிறேன். கரையை விட்டால் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேலாகும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் கடலில் இருக்கும் காலமெல்லாம் பிரிஜா வீட்டில் தனியாகத்தான் இருப்பாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு.

2. 2023ஆம் ஆண்டு தங்கள் மையத்தின் தொற்றுநோயியல் ஆய்வாளர் டாக்டர் முப்ஷிரா அவர்கள் எங்கள் ஊருக்கு வந்தார். எங்கள் பகுதிக்கு ஆனி, ஆடியிலும் மழை; ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. இரண்டு மழையிலும் ஃபுளூ பரவுகிறது என்றால் தடுப்பூசியை எப்போது போடுவது, அது எவ்வளவு தூரம் காக்கும் என்பதைக் கண்டறியவே இந்த ஆய்வு என்று சொன்னார். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஃபுளூ தடுப்பூசி, மறுபாதிக்கு வேறொரு நோய்க்கான தடுப்பூசி. யாருக்கு எது என்பது ஊசி போடுகிற செவிலியருக்கே தெரியாது என்பதையும் மறைக்காமல் விளக்கினார். நான் தயங்கினேன். பிரிஜாதான், "சும்மா ஒரு குத்துதானே. நாலு பேருக்கு உபகாரம் ஆனா ஆவட்டு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

3. அதன் பிறகு வாரந்தோறும் தங்கள் களப்பணியாளர் ஜின்சி அவளைத் தொலைபேசியில் அழைத்து, "பனி உண்டா, இருமல் உண்டா, தொண்டை வலி உண்டா" என்று கேட்பார். (எங்கள் பக்கத்தில் காய்ச்சலைப் பனி என்போம்.) அந்த உரையாடல்கள் அவளுடைய சம்மதத்தோடு பதிவு செய்யப்பட்டன. கேள்விகள் முடிந்த பிறகும் அவள் ஜின்சியை எளிதில் விடமாட்டாள் என்று கேள்விப்படுகிறேன். தனியாக இருந்தவள் அல்லவா.

4. ஐயா, எங்கள் வீட்டில் ஒரே ஒரு கைபேசிதான் இருந்தது. கடலுக்குப் போகும்போது அதை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவேன். கரையில் இருந்தால் நான் அவளுக்கு எதிரிலேயே இருப்பேன். கடலில் இருந்தால் கைபேசி இருந்தும் பயனில்லை. ஆகவே நாங்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசியதே இல்லை. கல்யாண வீடியோவில் அவள் வாய் அசைகிறது. ஆனால் மேலே பாட்டு ஓடுகிறது. அவள் பேசிய ஒரு சொல்கூட என்னிடம் இல்லை.

5. அந்த ஆண்டு ஐப்பசியில் நாங்கள் கோவாவுக்கு மேற்கே வெகுதூரத்தில் இருந்தோம். படகின் சாட்டிலைட் போனில் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. "ஆன்ட்ரூசுக்க வீட்டுல சுகமில்ல. அவன எப்படியாவது கரையில எறக்கி விடுங்க" என்று மட்டும் சொன்னார்கள். கடலில் இருப்பவனிடம் அதற்கு மேல் யாரும் சொல்வதில்லை, எனக்கும் புரிந்துவிட்டது. ஃபுளூ காய்ச்சல் நுரையீரலில் இறங்கி, மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். நான் ஊர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கல்லறை மண் மழையில் அமிழ்ந்து, அதன்மேல் வைத்த பூக்கள்கூட நிறம் மாறிக் கிடந்தன.

6. அவளுடைய முகம் எனக்கு நினைவிருக்கிறது. குரல் மறந்துபோகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதலில் அவள் சிரிப்பு போயிற்று. பிறகு என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்பது போயிற்று. கடலில் காவல் இருக்கும் நேரங்களில் அவள் சொல்லக்கூடிய ஏதாவது ஒரு சாதாரண வாக்கியத்தை எடுத்து அவள் குரலில் சொல்லிப் பார்ப்பேன். அது என் குரலாகவே வரும்.

7. சென்ற டிசம்பரில் ஆய்வு முடிவுகளைச் சொல்வதற்காக டாக்டர் முப்ஷிரா எங்கள் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் கூட்டம் போட்டார். ஃபுளூ தடுப்பூசி போட்டவர்களிடம் அந்த நோய் கணிசமாகக் குறைந்திருக்கிறது, முதல் மழைக்கு முன்பே போட்டால்தான் பலன் அதிகம் என்று படம் போட்டு விளக்கினார். காய்ச்சல் இல்லாமலே நோய் தொடங்கக்கூடும் என்பதைக் காட்ட, பெயர் சொல்லாமல் ஒரு பதிவை ஒலிபரப்பினார். ஒரு பெண் பேசினாள்: "பனி ஒண்ணும் இல்ல. தொண்டதான் கொஞ்சம் கரகரன்னு இருக்கு. நேத்து மழையில துணி எடுக்க ஓடினேன், அதுவாயிருக்கும். அவிய கடல்ல உண்டு. அங்க மழையா வெயிலான்னு ஆருக்குத் தெரியும்?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மண்டபத்தில் பாதிப் பேருக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. ஒலிபரப்பிய டாக்டருக்குத்தான் தெரியவில்லை.

8. கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். "அண்ணே, எனக்க கையில இருக்கது வெறும் நம்பருதான். யாருக்க சத்தம்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இப்படிப் போட்டிருக்க மாட்டேன்" என்றார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் தெரியாமல் செய்த அந்தக் காரியம்தான் இரண்டு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் என்பதைத் தங்களுக்குத் தெரிவிக்கிறேன். அன்று அவரிடமே, பிரிஜாவுக்குப் போட்டது எந்த ஊசி என்று கேட்டேன். உரிய அனுமதி பெற்று, பிறகு நேரில் வந்து சொன்னார். அவளுக்குப் போட்டது ஃபுளூ தடுப்பூசி அல்ல. "அவளுக்க கணக்கும் சேந்துதான் இந்த ஊசி நல்லதுன்னு நாங்க சொல்ல முடிஞ்சுது, அண்ணே" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

இதை நான் புகாராக எழுதவில்லை. அவள் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாள். இந்த ஆண்டு எங்கள் படகில் தொழில் செய்யும் அனைவரும், நான் உட்பட, அந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டோம். எனக்கு இழப்பீடு எதுவும் வேண்டாம். அதற்காக எதிர்காலத்திலும் வழக்குப் போடமாட்டேன்.

9. என் புகார் தங்கள் அலுவலகத்தின் கடிதத்தைப் பற்றியது. அதில் என் மனைவியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. "பங்கேற்பாளர்" என்றே உள்ளது. பதிவைக் கேட்கும் உரிமை பங்கேற்பாளருக்கு மட்டுமே உண்டு, அவர் இறந்துவிட்டதால் அந்த உரிமை முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். நான் வாரிசுச் சான்றிதழ் கொடுத்தேன். வாரிசுரிமை சொத்துக்குத்தான், குரலுக்கு இல்லை என்று பதில் சொல்கிறார்கள். ஆய்வு முடிந்துவிட்டதால், விதிப்படி எல்லாப் பதிவுகளும் வரும் மார்ச் இறுதியில் அழிக்கப்படும் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. எந்த எண் யாருடையது என்ற விவரம் தங்கள் பொறுப்பில் மட்டுமே இருப்பதாக டாக்டர் சொன்னதால் நேரடியாகத் தங்களுக்கு எழுதுகிறேன்.

10. பெயர் சொல்லாமல், ஆய்வுக் காரியங்களுக்கு மட்டுமே பதிவுகள் பயன்படும் என்று சொல்லித்தான் பிரிஜாவிடம் சம்மதம் வாங்கினீர்கள் என்பதையும் நான் யோசித்துப் பார்த்தேன். என்னிடம் சொல்லாத எதையாவது அவள் ஜின்சியிடம் சொல்லியிருக்கலாம். தனிமையைப் பற்றியோ, என்னைப் பற்றிய குறையோ, பிள்ளை இல்லாததைப் பற்றியோ இருக்கலாம். நான் கேட்கக் கூடாது என்று தாங்கள் கருதும் பகுதிகளை வெட்டிவிடுங்கள். மீதி போதும். துணி எடுக்க ஓடியதும், மீன் விலையும், தொண்டை கரகரப்பும் எனக்குப் போதும்.

ஜின்சியிடம், கடைசி வாரம் என்ன பேசினாள் என்று மட்டுமாவது சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் விதியை மீறவில்லை. "நான் சொன்னா அது எனக்க சத்தமாயிரும் அண்ணே. அவளுக்க வாயால நீங்க கேக்கணும்" என்றார். அது நியாயம்தான்.

11. ஜனவரியிலேயே எங்கள் படகு கடலுக்குப் போய்விட்டது. நான் போகவில்லை. அடுத்த பயணத்துக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நான் இல்லாத நேரத்தில் பதிவுகள் அழிந்துவிடுமோ என்ற பயத்தில் கரையிலேயே நிற்கிறேன். எத்தனை நாள் இப்படி நிற்க முடியும் என்று தெரியவில்லை.

12. எனவே, பிரிஜாவின் பதிவுகளை மட்டுமாவது அழிக்காமல் நிறுத்திவைத்து, அவற்றின் நகலை எனக்குத் தர ஆணையிட வேண்டுகிறேன். யாருக்கும் அனுப்ப மாட்டேன், எங்கும் ஒலிபரப்ப மாட்டேன் என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன். நகல் தர விதி இடம் கொடுக்காவிட்டால், தங்கள் அலுவலகத்தில் தாங்கள் சொல்லும் இடத்தில் உட்கார்ந்து, தாங்கள் நியமிக்கும் ஒருவர் முன்னிலையில், ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் போகிறேன். நன்றாக இருந்த வாரங்களையும் கேட்பேன். இருமிக்கொண்டு பேசிய வாரத்தையும் கேட்பேன். நடுவில் நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

அவள் போன அன்று நான் நடுக்கடலில் இருந்தேன். அவள் குரல் போகிற அன்றாவது பக்கத்தில் இருக்க எனக்கு அனுமதி தர வேண்டும், ஐயா.

இணைப்பு: திருமணப் பதிவுச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தங்கள் அலுவலகக் கடிதம் – நகல்கள்.

நாள்: 09.02.2026
இடம்: இனயம்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஜ. ஆன்ட்ரூஸ்
பிரிஜாவின் கணவர்