இரண்டாவது எடை

உட்ரெக்ட், நெதர்லாந்து
3.2.2025

அன்புள்ள கலைக்கு,

சுகமாக இருக்கிறாயா? உனக்குப் போன் செய்தால் மணியே அடிப்பதில்லை. என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது என் மரமண்டைக்குப் புரிய நான்கு வருடம் ஆயிற்று. நம் விடுதி ஜெஸி அக்காதான் சின்னசேலத்தில் விசாரித்து உன் முகவரியை வாங்கித் தந்தாள்.

நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரைப் பற்றி 2015இல் நான் எழுதிய கட்டுரைக்கு விருது தருகிறார்கள். பத்தாண்டுகளில் அதிகம் தாக்கம் ஏற்படுத்திய ஆய்வாம். ஜூனில் விழா. நிரலில் ஒரே கேள்வி இரண்டு முறை வந்து, நடுவில் எதுவும் நடக்காவிட்டால், இரண்டாவதைக் கம்பைலரே நீக்கி வேலையைக் குறைக்கலாம் என்ற யோசனை. கல்லூரி விடுதி மெஸ்ஸில் உப்புமாவைத் தள்ளி வைத்துவிட்டு நீ சொன்னது. கட்டுரையில் இருப்பதோ என் பெயர் மட்டும்.

மேடையில் உன் பெயரைச் சொல்லட்டுமா? உன்னைக் கேட்காமல் சொல்லப் பயமாக இருக்கிறது.

அன்புடன்,
டயானா

சின்னசேலம்
1.3.2025

டயானாவுக்கு,

வாழ்த்துகள். பெயர் விஷயத்தைப் பிறகு பேசலாம். இப்போது எனக்கு வேறொரு தலைவலி.

என் கணவர் தங்கதுரை மரவள்ளிக் கிழங்குக்குப் பாயிண்ட் பார்க்கும் கொட்டகையில் வேலை செய்கிறார். கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு வரும். ஒரு கூடைக் கிழங்கை முதலில் வெளியே எடை போட்டு, பிறகு அதே கூடையைத் தண்ணீரில் அமிழ்த்தி எடை போடுவார்கள். வித்தியாசத்தை வைத்து மாவு எவ்வளவு என்று கணக்கிடுவதுதான் பாயிண்ட். பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேனே என்று, தராசோடு இணைத்து ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். கணக்கு உதைத்தால் தொண்ணூற்றொன்பது என்று காட்டச் சொல்லியிருந்தேன். இப்போது எல்லாக் கிழங்குக்கும் தொண்ணூற்றொன்பது!

கிழங்கு கொண்டுவந்த இன்னாடு கிராமத்து வேடியப்பன் என்பவர் சிரித்துவிட்டாராம். "இன்னாபா இது, கெழங்கா கல்லா?" என்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு மானம் போயிற்று. நிரலை நூறு முறை படித்துவிட்டேன், தப்பே இல்லை. உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

கலையரசி

உட்ரெக்ட்
20.3.2025

அன்புள்ள கலைக்கு,

உன் கடிதத்தை ரயிலில் படித்து, இறங்க வேண்டிய நிலையத்தை விட்டுவிட்டேன். தொண்ணூற்றொன்பது வருகிறதென்றால் வித்தியாசம் பூஜ்யம், அதாவது இரண்டு எடையும் ஒன்றாகவே பதிவாகிறது. ஈரம் பட்டுத் தராசின் கம்பி கெட்டிருக்கலாம், மாற்றிப் பார். அதுவும் இல்லையென்றால், முதல் எடைக்கும் இரண்டாவது எடைக்கும் நடுவில் என்ன எழுதியிருக்கிறாய்? எனக்கு அது தெரிய வேண்டும்.

பெயர் விஷயத்தைப் பிறகு பேசலாம் என்று தள்ளிவிட்டாய். திட்டியாவது எழுதியிருக்கலாம்.

டயானா

சின்னசேலம்
14.4.2025

டயானாவுக்கு,

கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் வெறும் காத்திருப்பு. கூடையைத் தண்ணீரில் இறக்க அவருக்கு இருபது விநாடி ஆகும். அதுவரை சும்மா எண்ணிக்கொண்டிரு என்று எழுதியிருந்தேன். நீ கேட்ட பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. கம்பைலரின் வேகப்படுத்தும் வசதியை அணைத்தேன், இருபத்தேழு வந்தது. திரும்பப் போட்டேன், தொண்ணூற்றொன்பது.

வீணாக எண்ணுகிறதே என்று கம்பைலர் முதலில் காத்திருப்பை நீக்குகிறது. உடனே இரண்டு எடைக் கேள்வியும் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. நடுவில் எதுவும் இல்லை அல்லவா, உன் கட்டுரையின் மூன்றாம் விதி இரண்டாவதைத் தூக்கிவிடுகிறது. கூடை தண்ணீருக்குள் போனது அதற்கு எப்படித் தெரியும்? இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் கேட்டார்: "ரெண்டு தபா கேட்டா ரெண்டு தபா சொல்றதுக்கு அதுக்கு இன்னா நோவு?"

அவர் கேட்ட இதே விஷயம் அன்றைக்கே என் நோட்டில் இருந்தது. வெளியிலிருந்து வரும் எண்ணை எத்தனை முறை கேட்டாலும் நீக்கக் கூடாது என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். அப்பா இறந்து நான் ஊருக்கு வந்தபோது நோட்டு உன் மேசையில்தான் கிடந்தது. அப்புறம் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு நான் படிக்கத் திரும்பவில்லை.

பெயரை விட்டாய், அழுது தீர்த்தேன். அந்த வரியை ஏன் விட்டாய்?

கலையரசி

உட்ரெக்ட்
5.5.2025

கலை,

அந்த வரியைச் சேர்த்தால் அதற்கு நிரூபணம் தர வேண்டும். எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியும். உன்னைக் கேட்டிருந்தால் உன் பெயரைப் போட்டாக வேண்டும். அந்தக் கட்டுரையை வைத்துத்தான் எனக்கு இங்கே இடம் கிடைப்பதாக இருந்தது. அதனால் கேட்கவில்லை. பத்து வருடமாக இதை மறதி என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறதி இல்லை, திருட்டு.

போன வாரம் விருதுக் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்: விதியில் உள்ள பிழையையும், யோசனை யாருடையது என்பதையும். விருதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என் வேலை என்ன ஆகும் என்று தெரியாது. திருத்தக் கட்டுரையின் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெயர் முதலில் இருக்கிறது. நிரூபணத்துக்கு மூன்று பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். நீ கிழித்துப் போட்டாலும் நான் ஒன்றும் சொல்ல முடியாது.

டயானா

சின்னசேலம்
30.5.2025

டயானாவுக்கு,

வரைவு வந்த அன்று கிழிக்கத்தான் எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் உன் வாதத்தில் ஒரு ஓட்டை கண்ணில் பட்டது. பென்சிலை எடுத்தேன், கோடை விடுமுறைதானே என்று நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டேன். மூன்று பக்கம் போதவில்லை, இத்துடன் ஐந்து பக்கம் இருக்கிறது. என் பெயரை வே. கலையரசி என்று போடு. வேலுச்சாமி என் அப்பா.

உன்மேல் கோபம் போகவில்லை. போகும் என்றும் இப்போது சொல்ல முடியாது. ஆனால் இங்கே இந்த மாதிரி எதையும் யாரிடமும் பேச முடியாமல் பத்து வருடம் இருந்துவிட்டேன், அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. அதனால் கேட்கிறேன். நேற்று தங்கதுரை கூடையை இறக்க முப்பது விநாடி எடுத்துக்கொண்டார், எடை மறுபடி தப்பு. விநாடியை எண்ணாமல், கூடை முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டதை நிரலுக்கு எப்படித் தெரிவிப்பது? எனக்கு ஒரு வழி தோன்றுகிறது, ஆனால் சொல்ல மாட்டேன். நீ முதலில் யோசித்து எழுது.

கலை