கட்டிலுக்கு அடியில் ஒரு குப்பி

1979 ஆகஸ்ட் 2

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பகலில் எழுதினால் அம்மா பிடுங்கிவிடுவாள்.

மறுபடியும் காய்ச்சல், இருமல். இன்று படகில் எர்ணாகுளம் போய் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். என் விலா எலும்புகள்! இடப்பக்கம் கீழே எலுமிச்சை மாதிரி ஒரு பை. அதில் சளி தேங்குவதால்தான் காய்ச்சலாம்.

அப்பா சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். வீட்டுக்குள் வருமுன் சட்டையைத் தெருவிலேயே உதறுவார். "என் சட்டைத் தூசியா டாக்டர்?" என்றார்.

"இல்லை. பிறக்கும்போதே இருந்தது."

அப்பா முகம் தெளிந்தது. அம்மாதான், "என் வயித்துல இருக்கும்போதேவா?" என்றாள்.

என்னோடு பிறந்ததா? அப்போ அதற்கும் பதிமூன்று வயசா?

ஆகஸ்ட் 3

அறுத்துத்தான் எடுக்கணுமாம்.

ஆகஸ்ட் 21

நுரையீரலின் கீழ்ப்பகுதியையே வெட்டி எடுத்தால் அங்கே வெற்றிடமாக இருக்காதா? கேட்டேன். மிச்ச நுரையீரல் விரிந்து இடத்தை நிரப்பிக்கொள்ளுமாம். அதற்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? அதையும் கேட்டேன்.

"ஏட்டி, அவரு டாக்டரா, உன் வாத்தியாரா?" என்றார் அப்பா. டாக்டர் சிரித்தார்.

செப்டம்பர் 7, ஆஸ்பத்திரி

உயிரோடு இருக்கிறேன். இருமினால் உயிர் போகிறது.

விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய், கட்டிலுக்கு அடியில் தண்ணீர்க் குப்பிக்குள் போகிறது. குளுக் குளுக் என்று குமிழி. அம்மா தரையில் உட்கார்ந்து அதையே பார்க்கிறாள். "உன் மூச்சுடி அது."

நின்றுவிட்டால்?

செப்டம்பர் 9

நின்னுபோச்சு. குமிழியே இல்ல. அம்மா தூங்குறா. நான் செத்துக்கிட்டு இருக்கேனா? — ஆனா எழுதுறேனே.

மூச்சை இழுத்தேன். குழாய்க்குள் தண்ணீர் ஏறியது. விட்டேன், இறங்கியது. மறுபடியும் இழுத்தேன். ஏறுகிறது! அம்மாவை எழுப்பவில்லை.

செப்டம்பர் 10

காலையில் குப்பியைப் பார்த்து அம்மா போட்ட அலறலில் வார்டே எழுந்தது. நர்ஸ் சேச்சி ஓடி வந்தாள். "ஐயோ அம்மே, குமிழி நிக்கத்தானே காத்திருந்தோம்! காத்து கசிஞ்ச இடம் மூடிடுச்சு. இனி குழாயை எடுத்துடலாம்."

"நிக்கக் கூடாதுன்னு அம்மனுக்கு நேர்ந்திருக்கேனே!"

"நல்லவேளை, அம்மன் காதுல விழல," என்றாள் சேச்சி.

டிசம்பர் 4, வீடு

இன்று அப்பா சட்டையை உதறாமலே உள்ளே வந்தார். சுக்கு நெடி. தும்மினேன், இருமல் வரவில்லை.

சற்றுமுன், நான் தூங்கிவிட்டதாக நினைத்து அம்மா என் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். அசையாமல் கிடந்தேன். அவளுக்காகக் கொஞ்சம் சத்தமாக மூச்சு விட்டேன்.