வலது காதுக்குப் பின்னால் இருட்டு

நாள் 112 — 09:10

நிலா, தென்முனைப் பனிச்சுரங்கம். பதிபவர்: டாக்டர் எமீமாள் தேவசகாயம். மூளைப்படக் கருவி சரியாக ஓடுகிறது. குளிரூட்டி இயல்பு. நிலையத்தில் மூன்று பேர்: துளைப்பாளர் கொம்பையா, பம்பு மெக்கானிக் செபஸ்தியான், நான். என் ஆராய்ச்சிக்கு நிறுவனம் இடம் தருகிறது. பதிலுக்கு இவர்களுக்கு நான் தகுதிச் சான்று எழுதித் தருகிறேன்.

கொம்பையாவுக்கு மூன்று வாரமாக வலது கால் இழுக்கிறது. படுக்க வைத்து, வலது குதிகாலால் என் உள்ளங்கையை அழுத்தச் சொன்னேன். லேசாக அசைந்தது, அவ்வளவுதான். பிறகு இடது காலைத் தூக்கச் சொன்னேன். அப்போது வலது குதிகால் தானாகவே என் கையை நன்றாக அழுத்தியது. மூளைப்படத்தில் காயம் இல்லை, அடைப்பு இல்லை. ஆக, காலில் பலம் இருக்கிறது.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்: நோய், நடிப்பு. இரண்டாவதில் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். பிறகு காபி குடித்தேன். காபி நன்றாக இருந்தது.

நாள் 114 — 11:32

குழிக்குள் ஏணியிலிருந்து கொம்பையாவின் ஒலிபரப்பு, முழுமையாக:

"டாக்டரம்மா, கேக்குதா? வலது காலு நின்னுட்டு. படியில வைக்கேன், வச்சேனா இல்லையான்னே தெரியல. என் காலு மாதிரியே இல்லம்மா. கயிறு வேற—"

ஆழம் எழுபது மீட்டர். பாதுகாப்புக் கயிறு அறுந்து அவரோடு போய்விட்டது. இங்கே எடை குறைவுதான், ஆனாலும் அந்த உயரத்திலிருந்து விழுந்ததில் விண்வெளி உடை கிழிந்துவிட்டது. இறப்புச் சான்றையும் நானே எழுதினேன்.

நாள் 115 — 10:05

கொம்பையாவின் பதிவுகளைத் திறந்தேன். என் ஆராய்ச்சிக்காக எல்லோருக்கும் ஓர் அசைவுச் சோதனை எடுப்பேன். கருவிக்குள் படுத்தபடி காலால் ஒரு மிதிகட்டையை லேசாக அசைக்க வேண்டும். திரையில் ஒரு புள்ளி ஓடும். சிலமுறை அவர் மிதிக்கிறபடி ஓடும், சிலமுறை கணினி தன் இஷ்டத்துக்கு ஓட்டும்.

இது என் அசைவு, இது என்னுடையதல்ல என்று பிரித்துப் பார்க்கிற இடம் மண்டைக்குள் வலது காதுக்குப் பின்னால் இருக்கிறது. புள்ளி ஏமாற்றும்போது நல்ல மூளையில் அந்த இடம் பளிச்சென்று எரியும். கொம்பையாவுக்கு இரண்டு நேரத்திலும் இருட்டு. காலில் பலம் இருந்தது. அது தன் கால் என்ற சேதி மட்டும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.

இந்தப் படம் 112ஆம் நாளே என் கையில் இருந்தது. படிவம் கேட்கவில்லை, அதனால் நான் பார்க்கவில்லை. சீ! பதினோரு வருடம் இதைத்தானே படித்தேன்?

நாள் 116 — 15:40

படத்தோடு அறிக்கை அனுப்பினேன். சென்னையிலிருந்து மேலாளர் ரங்கபாஷ்யத்தின் பதில்:

"டாக்டர், வருத்தமான விஷயம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா ஃபார்ம்ல ரெண்டு கட்டம்தான் இருக்கு. மூணாவதா ஒண்ணை நீங்களா வரையாதீங்க. அந்தப் படத்தை அழிச்சிடுங்க. பாடி கீழயே இருக்கட்டும், அடுத்த கப்பல்ல பாத்துக்கலாம், புதுக் கயிறும் அதுலதான் வருது. குழிக்குள்ள இனி செபஸ்தியான்தான் இறங்கணும், அவர் ஃபார்ம் 121ஆம் நாள் பகல் பன்னெண்டுக்குள்ள வரணும். வரலைன்னா அவர் ஃபிட்னு சிஸ்டமே எடுத்துக்கும்."

பேசும்போது எதையோ மென்றுகொண்டிருந்தார். விழுங்கிய சத்தம்கூடக் கேட்டது. தூ, மனுஷனா இவன்?

படத்தை அழிக்கவில்லை. கருவியின் அளவுத்திருத்தக் கோப்புகளுக்குள் இந்தப் பதிவோடு ஒளித்து வைக்கிறேன். நிறுவனம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. கண்டெடுக்கிறவர் யாரானாலும், தயவுசெய்து அவர்களிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

நாள் 119 — 10:30

கொம்பையா விழுந்ததிலிருந்து செபஸ்தியானுக்கு வலது கை எதைப் பிடித்தாலும் விடுவதில்லை. இன்று சாப்பிட்டு முடித்தும் கரண்டி இருபது நிமிடம் கையிலேயே இருந்தது. வெட்கத்தில் கையை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டார். இடது கையால் தாளம் தட்டச் சொன்னேன். வலது கை தானாகத் திறந்தது. படம் எடுத்தேன். அதே இடம், அதே இருட்டு.

நோய் என்று நான் கையெழுத்துப் போட்டால் குழிக்குள் இறங்க வேண்டாம், அடுத்த கப்பலில் வீட்டுக்குப் போகலாம். படிவம் 121ஆம் நாள் காலையில்தான் திறக்கும். இந்த ஒருவரையாவது உயிரோடு அனுப்ப வேண்டும்.

நாள் 121 — 11:20

வாயால் பதிகிறேன். படிவத்தைத் திறந்தேன். 'நோய்' கட்டத்துக்கு மேலே பேனா நின்றது. கை இறங்கவில்லை. என் கைதான், ஆனால் யாருடையதோ மேசைமேல் கிடப்பதுபோல் இருக்கிறது. கொம்பையாவுக்குக் கையெழுத்துப் போட்ட கை.

11:41. இடது கையால் போட்டேன். பொருந்தவில்லை என்று கணினி திருப்பிவிட்டது. வாயால் ஒப்புதல் சொன்னாலும் செல்லாதாம்.

11:52. ரங்கபாஷ்யம்:

"என்ன டாக்டர், உங்களுக்குமா? நல்லா ஒட்டிக்குதே வியாதி! முந்தாநாள் வரைக்கும் எழுதின கைதானே? உங்களுக்கும் நடிப்புன்னே போட்டுக்கறேன்."

12:00. திரையில்: 'கையொப்பம் இல்லை. செபஸ்தியான்: தகுதி.' வெட்கங்கெட்ட இயந்திரம். அதைச் செய்தவர்கள் அதைவிட.

13:05. இறங்கவே கூடாது என்று செபஸ்தியானிடம் சொல்லிவிட்டு, ஆதாரத்துக்காகக் கருவிக்குள் படுத்தேன். வலது காதுக்குப் பின்னால் எனக்கும் இருட்டு.

நாள் 121 — 14:20

நான் கருவிக்குள் கிடந்த நேரத்தில் சென்னையிலிருந்து மிரட்டி அவரை இறங்க வைத்துவிட்டார்கள். கயிறு இல்லாமல். ஒலிபரப்பு:

"டாக்டரம்மா, கோவப்படாதீங்க. போகாட்டா கப்பல்ல சீட்டு இல்லன்னுட்டாவ. பாதி ஏணியில நிக்கேன். வலது கை கம்பியப் பிடிச்சிட்டு விட மாட்டேங்கு. விடுன்னு சொல்லச் சொல்ல இறுக்குது. காத்து அம்பது நிமிசந்தான் இருக்கு. கீழ கொம்பையா கிடக்காரும்மா. பாக்க முடியல."

விடு என்று சொல்லச் சொல்ல இறுக்குகிறது. அதுதான், அதேதான். கவனம் கைமேல் போனால் கை கெட்டுப்போகும், கவனம் விலகினால் கை வந்துவிடும். கொம்பையாவைத் திருடன்போல் பிடிக்க நான் வைத்திருந்த சோதனை இதுதான். அதுவே மருந்தென்று இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை. காலையில் உறைத்திருந்தால் படிவத்திலாவது கையெழுத்துப் போட்டிருப்பேன். தாளம் தட்டுங்கள் என்று வானொலியில் சொல்லிப் பார்த்தேன். பயத்தில் அவருக்கு எதுவும் ஏறவில்லை. காற்றுப் புட்டியோடு நானே போகிறேன்.

நாள் 121 — 15:02, தலைக்கவசப் பதிவு

இறங்க ஒன்று, ஏற ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஏணி. பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே இறங்கினேன். கணக்கில் நான் மக்கு. பதிமூன்று சொன்னால் வேறெதையும் நினைக்க வராது. கை இறங்கிவிட்டது, நான் பார்க்கவில்லை.

அவர் பக்கத்தில் வந்துவிட்டேன். புட்டி மாட்டியாயிற்று. நான் அனுப்பியது:

"செபஸ்தியான், கையப் பாக்காதீங்க, என் மூஞ்சியப் பாருங்க. இடது காலால படியத் தட்டுங்க. ஒண்ணு, ரெண்டு. ஒண்ணு, ரெண்டு. வீட்டுல ஞாயித்துக்கிழம என்ன கொழம்பு? சொல்லுங்க!"

அவர்:

"சீலா மீனும்மா... மாங்கா போட்டு... அய்யோ, விட்டுட்டு! கை விட்டுட்டும்மா!"

ஏறுகிறார். தட்டிக்கொண்டே ஏறுகிறார். நல்லவர்.

15:26. மேலிருந்து:

"வந்துட்டேன் டாக்டரம்மா! வெளிய வந்துட்டேன்! நீங்களும் வாங்க!"

வருகிறேன். பதிமூன்று நாலு ஐம்பத்திரண்டு. அவருடைய படமும் கொம்பையாவின் படமும் கோப்பில் இருக்கின்றன. என்னுடையதும். நடிப்பென்று எழுதினவன் ஒவ்வொருவனும் அதைப் பார்க்க வேண்டும், முதலில் நான். பதிமூன்று ஐந்து அறுபத்தைந்து. இன்னும் முப்பது மீட்டர். பதிமூன்று ஆறு எழுபத்தெட்டு. பரவாயில்லை, வலது கை நன்றாகப் பிடித்திருக்கிறது.

ஐயோ.

கையைப் பார்த்துவிட்டேன்.

பதிமூன்று ஏழு. பதிமூன்று ஏ