வேட்டி கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனவருக்கு

எனக்கு மட்டுமே அப்பாவாக இருந்திருக்க வேண்டிய என் அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரி போனால்கூடக் கை நின்றுவிடுகிறது. பயமாக இருக்குதுங்கப்பா. நாளைக் காலையில் கம்பெனி ஆபீஸ்காரர் மறுபடியும் நம் வீட்டுக்கு வருகிறார். நைஜீரியாவில் உங்களைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனது யார் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். எனக்குத் தெரியும்.

அவர்கள் வீட்டுச் சின்னப் பெண்ணின் பெயரை இதில் எழுத மாட்டேன். எழுதப் பிடிக்கவில்லை. உங்கள் கடிதங்களில் என் பெயரைவிட அவள் பெயர்தான் அதிகம். லாகோஸ் பஞ்சாலையைப் பற்றி நாலு வரி எழுதுவீர்கள். நீங்கள் மாடியில் குடியிருந்த வீட்டில் கீழே ஒரு தையல்காரர் இருந்தாரே, அவர் மகளைப் பற்றி ஒரு பக்கம். அவளுக்கு முன்பல் விழுந்தது, நம் ரசத்தைக் குடித்துவிட்டுத் தும்மியது, உங்கள் மீசையைப் பிடித்து இழுத்தது. எனக்கும்தான் பல் விழுந்தது. அன்றைக்கு நீங்கள் இங்கே மில்லில் நைட் ஷிப்ட்.

உங்களோடு ஒரே ஆலையில் ஃபிட்டராக இருந்த அன்னூர் மாமா லீவில் வந்திருக்கிறார். முந்தாநாள் நம் சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னார். நான் வெங்காயம் உரிப்பதுபோலப் பக்கத்திலேயே இருந்தேன்.

"சனங்க போட்ட ஓட்டு செல்லாதுன்னு பட்டாளத்துக்காரங்க சொல்லிப்போட்டாங்கக்கா. அதைக் கேக்கத்தான் அங்க தெருத்தெருவா கூட்டம். நாங்க யாரும் அந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டமுங்க."

"அப்பறம் இவரு மட்டும் ஏனுங்க போனாரு?"

"தையல்காரரும் அவரு சம்சாரமும் சோடியா மாடியேறி வந்து கூப்பிட்டாங்க. நான் எத்தனையோ சொன்னேனுங்க. 'புருசனும் பொண்டாட்டியுமா ஊடு தேடி வந்து வாசல்ல நின்னு கூப்பிட்டுப்போட்டாங்க மாப்ள. போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? தலையக் காட்டிட்டு வந்தர்றேன்'னாரு. பெட்டியில இருந்த கரைவேட்டிய எடுத்துக் கட்டி, தோள்ல துண்டும் போட்டுட்டுக் கெளம்பிட்டாரு. கலியாணத்துக்குப் போறாப்பலயே!"

சொல்லும்போது மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுதுவிட்டார். அம்மா அழவில்லை. "வேட்டிய நாந்தான் எடுத்து வெச்சேன். அங்க எவன் கலியாணத்துக்குப் போறேன், வேண்டாம்னாரு. நாந்தான் வெச்சேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஏனுங்கப்பா, நம் ஊரில் நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதும், அந்த ஊரில் பட்டாளத்துக்கு எதிராகக் கூட்டம் கூட்டுவதும் உங்களுக்கு ஒன்றாகவா போயிற்று?

மாமா அடுத்துச் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றிரவு தையல்காரரே அவரிடம் சொன்னதாம். கூட்டத்துக்கு அவளும் வந்திருந்தாளாம், கொடியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாளாம். உடனே தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டீர்களாம். துடியலூரில் தேர்தல் கூட்டம் நடந்தபோது நானும் கேட்டேனே. "கூட்டத்துக்கெல்லாம் பொட்டப்புள்ள வரப்படாது கண்ணு, நெரிசல்ல நசுங்கிப்போவே" என்று என்னை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள். நான் மைக் சத்தத்தை மட்டும் ஜன்னலில் நின்று கேட்டேன். இங்கே போலீஸ்காரர்கள் லத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடலை தின்றுகொண்டிருந்தார்கள் என்று நீங்களே வந்து சொன்னீர்கள். அங்கே துப்பாக்கியோடு நின்றார்கள். அங்கேயா தோளில் ஏற்றுவது? அதுவும் அவளை?

சுட ஆரம்பித்ததும் அவளை இறக்கி அவள் அப்பா கையில் கொடுத்து ஓடச் சொன்னீர்களாம். அவர்கள் ஓடிவிட்டார்கள். "இவருக்கு வேட்டி தடுக்கிருச்சுங்கக்கா. பேண்ட் போட்டிருந்தா..." என்று மாமா அதோடு நிறுத்திக்கொண்டார்.

உங்கள் கை கடைசியாகத் தொட்டது அவளை. எனக்குப் பொறாமையாக இருக்காதா?

இன்னொன்றும் சொன்னார். என்னைக் கூப்பிடுவதுபோலவே அவளையும் நீங்கள் அம்மணி என்றுதான் கூப்பிடுவீர்களாம். அவள் அதைக் கற்றுக்கொண்டு, திருப்பி உங்களையே "அம்மணி, அம்மணி" என்று கூப்பிடுவாளாம். அதைக் கேட்டு அம்மாகூடச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என்னுடைய சொல். என்னிடம் கேட்காமல் எப்படி எடுத்துக் கொடுத்தீர்கள்?

போகும்போது மாமா வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தக் குடும்பம் ஒளிஞ்சுக்கிட்டு இருக்குதுங்கக்கா. கூட்டத்துக்கு ஆள் சேத்துனது யாருன்னு பட்டாளம் தேடுது. அந்தப் பேரு மட்டும் வெளிய போச்சுன்னா அந்த மனுசனை உசுரோட உடமாட்டாங்க. யாரு கேட்டாலும் காச்சல்னே சொல்லுங்க. மூச்சு உட்டுப்போடாதீங்க."

அன்றைக்கே அம்மா உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாள். ஒன்றாவது வைத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். எல்லாவற்றிலும் அவள் பெயர் இருந்தது. அவளால் எனக்கு உங்கள் கையெழுத்தும் போயிற்று.

பள்ளிக்கூடத்தில் கோமதி நேற்று எல்லோர் முன்னாலும், "ஏப்பிள்ள, உங்கப்பா ஏரோப்ளேன்ல போயிக் கொசு கடிச்சுச் செத்துப்போனாராமா? கொசு இங்கயே இருக்குதல்லோ" என்றாள். எங்கப்பா கூட்டத்தில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டுச் செத்தார் என்று கத்த வேண்டும்போல இருந்தது. "காச்சல்தான்" என்றேன்.

இன்று சாயங்காலம் ஆபீஸ்காரர் வந்தபோது அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். அவர் கெட்டவர் மாதிரி இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். எந்த வகுப்பு என்று கேட்டார். "அப்பா எந்த ஊட்டுல குடியிருந்தாருன்னு லெட்டர்ல எழுதியிருப்பாரே கண்ணு? ஊட்டுக்காரர் பேரு, அவங்க புள்ள பேரு, ஏதாச்சும்? அந்த நாட்டு அதிகாரிங்க கேக்கறாங்க. ஒரு பேரு குடுத்துட்டா நம்ம மில்லு ஆளுகளைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

என் வாய் திறந்தது அப்பா. நான் நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் அவளுக்கும் அப்பா இல்லாமல் போகும், அப்போது தெரியும் அவளுக்கு என்று நினைத்தேன். அப்படி நினைக்கக் கூடாது என்று தெரிந்தது. ஆனாலும் வாயை மூடவில்லை.

அதற்குள் அவரே பேசிவிட்டார். "அந்தத் தெருவுல எத்தனை மெரட்டியும் ஒருத்தரும் வாயத் தொறக்கலையாம். வேட்டி கட்டுன ஆளு யாருன்னு கேட்டதுக்கு மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி 'பாபா கவிதா'ன்னு சொல்லியிருக்காங்க. உங்கப்பா பேரே அங்க யாருக்கும் தெரியல. கவிதாங்கறது நீதானே கண்ணு?"

"ஆமாங்க" என்றேன்.

அந்த ஊரில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், பிள்ளை பெயரைச் சேர்த்து இன்னாருடைய பாபா, அதாவது அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். அப்படித்தான் அந்தத் தையல்காரரையும் தெருவில் எல்லோரும் அவள் பெயரால் கூப்பிடுவார்கள் என்றும். உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று மட்டும் எழுதவே இல்லை. ஏன் எழுதவில்லை? நான் கேட்பேன் என்று இருந்தீர்களா?

கவிதாவின் அப்பா. கடைக்குப் போகும்போதும், ஷிப்ட் முடிந்து வரும்போதும், அந்தக் கூட்டத்திலும். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தபோதுகூட யாராவது உங்களை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள். தோளில் இருந்த அவள் அதைக் கேட்டிருப்பாள். அவளுக்கும் பொறாமையாக இருந்திருக்குமோ?

அம்மா குடத்தோடு உள்ளே வந்தாள். ஆபீஸ்காரர் எழுந்துகொண்டார். "யோசிச்சு வை கண்ணு, காலைல வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யோசித்துவிட்டேன். விடிந்ததும் இந்தத் தாளையும் அந்த அடுப்பிலேயே போட்டுவிடுவேன். அவர் வந்து கேட்டால், அப்பா அதெல்லாம் எழுத மாட்டாருங்க என்று சொல்வேன். பின்னாளில் வேறு யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பொறாமை போய்விடவில்லை அப்பா, அப்படியே இருக்கிறது. ஆனால் என் பெயரை ஒரு தெருவே பத்திரமாக வைத்திருந்தது. அவள் பெயரை நான் ஒருத்தி வைத்திருப்பேன். இந்தக் கடிதத்தில் அதை எழுதாததற்குக் காரணம் ஆரம்பத்தில் ஒன்றாக இருந்தது, இப்போது வேறு.

அம்மணி என்ற சொல்லை அவள் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் யார் முதலில் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
முதல் அம்மணி