கல்வெட்டின் எட்டாம் ஒன்பதாம் பக்கங்கள்

அண்ணை, உங்கள் கல்வெட்டின் மாதிரிப் பிரதி இன்று காலை அச்சகத்திலிருந்து வந்தது. மை மணம் இன்னும் போகவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடியக் கையில் கொடுக்கிற நினைவு மலருக்குக் கல்வெட்டு என்று பெயர் வைத்தவன் கெட்டிக்காரன்தான். அஞ்சலிகளைத் தொகுக்கிற வேலையை உங்கள் மனைவி, எங்கள் அக்கா, என்னிடம் விட்டிருக்கிறார்.

எட்டாம் பக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார். அவரேதான். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், பிறம்ரன் நகரக் கிடங்குகளுக்குக் கூலிக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர். இப்போது ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு, விழா என்றால் முன்வரிசைக் கதிரை. "என் உடன்பிறவா அண்ணையே, நாதியற்றோரின் குரலே" என்று தொடங்கி ஒரு பக்கம் முழுக்க அழுது வைத்திருக்கிறார். பாதியில் மூடி வைத்துவிட்டேன், துக்கத்தில் இல்லை.

மன்னாரிலிருந்து வந்த ஒரு தமிழ் வக்கீல் ஏன் ஸ்பானிஷ் பேசுகிற சனத்துக்காக ஆயுள் முழுக்க வாதாடினார் என்பது எங்கள் ஆட்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் மாதா கோயிலில் ஸ்பானிஷ் பூசைக்குப் போய்ப் போய்த்தான் அந்த மொழியைப் பிடித்தீர்கள். உங்கள் முதல் வழக்கே கோயில் நிலவறையில் கோப்பி குடிக்கும்போது வந்தது. ஏன் அண்ணை, எங்கடை ஆக்களைப் பார்க்கக் கூடாதா என்று உங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். "எங்கடை ஆக்களுக்கு நாப்பது வக்கீல் இருக்கினம் பிள்ளை. உவைக்கு ஆர் இருக்கினம்?" என்றீர்கள். அதோடு என்னையும் ஸ்பானிஷ் வகுப்புக்கு அனுப்பினீர்கள்.

அந்த அரைகுறை ஸ்பானிஷில்தான் ரோசாவின் முறைப்பாட்டை நான் மொழிபெயர்த்தேன். குவாத்தமாலாவிலிருந்து அகதியாக வந்தவள். ஏஜென்சிக்காரரின் ஆட்கள் நடத்திய கிடங்கில், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் சாப்பாட்டு அறைக்குள் வரக் கூடாது என்று சட்டம். மாசிப் பனியில் வெளியே நின்று சாப்பிட்டார்கள். ரோசா வாய் திறந்தாள், வேலை போயிற்று. குடிவரவுக்காரருக்குச் சொல்லி நாடு கடத்துவோம் என்ற மிரட்டலும் கூடவே வந்தது. மனித உரிமை மன்றத்தில் நீங்கள் போட்ட இந்த வழக்கில் தோற்றால் அவளுடைய அகதி வழக்கிலும் பொய்க்காரி என்ற பெயர் விழும். திரும்பிப் போனால் அவளைக் கொல்ல அங்கே ஆள் காத்திருந்தது.

விசாரணைக்கு நாள் குறித்தது ஊரில் போர் முடிந்த மே மாதம். வன்னிக்குள் நின்ற என் தம்பியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இங்குள்ள தமிழ்ச்சனம் முழுக்கப் போரை நிறுத்தச் சொல்லி நகரத் தெருவில் கொடியோடு நின்றது. ஏஜென்சிக்காரர் முன்வரிசையில் நின்றார். அந்தக் கிழமையே தமிழ்க் கடைகளில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு துண்டுப்பிரசுரம் குவிந்தது. எங்கள் இனம் அழியும்போது அந்நியருக்கு வக்காலத்து வாங்கும் துரோகி என்று உங்களைப் பெயர் சொல்லி எழுதியிருந்தது. கீழே அவருடைய பெயரும் கையெழுத்தும். பெயர் போடாமல் விட அவருக்கு மனம் வராது. எங்கள் மண்ணில் அந்தச் சொல் விழுந்தவனுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசையில் நீங்கள் இருந்த வாங்கில் வேறு ஒருவரும் வந்து இருக்கவில்லை.

வன்னியில் எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்த காலையில்தான் ரோசாவின் விசாரணை. நான் வரமாட்டேன் என்று அழுதேன். "வீட்டை போறதெண்டால் போ பிள்ளை. உவளுக்கு இண்டைக்கு ஒரு நாள்தான் இருக்கு" என்றீர்கள். உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அங்கே என் பிழை வெடித்தது. சாப்பாட்டு அறையிலிருந்து தன்னோடு துரத்தப்பட்டவனை ரோசா "எர்மானோ" என்றிருந்தாள். நான் உடன்பிறந்த சகோதரன் என்று எழுதிவிட்டேன். அகதிப் படிவத்தில் அவளுக்குச் சகோதரனே இல்லை. இவள் பொய்க்காரி என்று எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு தாளையும் தூக்கிக் காட்டினார். பார்க்கிறவனையெல்லாம் அண்ணை என்கிற சாதியில் பிறந்த எனக்கு அது உறைக்கவில்லையே என்று எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போல் இருந்தது.

நீங்கள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாட்சிக் கதிரையில் இருந்த ஏஜென்சிக்காரரிடம், காலையில் வாசலில் உங்களைக் கண்டபோது எப்படி அழைத்தார் என்று ஆங்கிலத்தில் கேட்டீர்கள். துரோகி என்று எழுதிய கைதான், ஆனாலும் பழக்கதோஷத்தில் "வணக்கம் அண்ணை" என்றிருந்தார். அண்ணை என்றால் என்ன என்று கேட்டீர்கள். மூத்த சகோதரன் என்றார். நாங்கள் இருவரும் ஒரு தாய் பிள்ளைகளா என்றீர்கள். இல்லை, அது சும்மா கூப்பிடுகிற சொல் என்று சத்தியம் செய்த வாயாலேயே சொன்னார். ரோசாவும் அப்படித்தான் சொல்கிறாள் என்று சொல்லிவிட்டு நீங்கள் உங்கள் கதிரையில் போய் இருந்தீர்கள். வழக்கு அந்த இடத்திலேயே எங்கள் பக்கம் முடிந்தது.

பிறகு கார்த் தரிப்பிடத்தில் காரைக் கிளப்பாமல் கனநேரம் இருந்தீர்கள். உங்கள் தங்கச்சி குடும்பமும் வன்னிக்குள்தான் நின்றது என்று அப்போதுதான் சொன்னீர்கள். நான் கைப்பையிலிருந்த பிரசுரத்தை எடுத்துக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்தீர்கள். "கிழியாதை. கோவத்தை வாயிலை வைச்சால் ஆறிப்போகும். ஃபைலிலை வை." என் தம்பியும் வரவில்லை, உங்கள் தங்கச்சியும் வரவில்லை. ஏஜென்சிக்காரர் மட்டும் நல்லாயிருக்கிறார்.

அந்தப் பிரசுரத்தைக் கல்வெட்டில் போடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். பொய் இல்லையென்றால் போடு என்றார். ஒன்பதாம் பக்கத்தில் போட்டேன், அவருடைய அஞ்சலிக்கு நேர் எதிரே. ஒரு வரி விளக்கமும் இல்லை.

மத்தியானம் ஏஜென்சிக்காரரே போன் எடுத்தார்.

"தங்கச்சி, என்ரை அஞ்சலி எத்தினையாம் பக்கம்?"

"எட்டு. ஒன்பதும் உங்கடைதான்."

"நான் ஒரு பக்கம்தானே தந்தனான்?"

"முந்தி ஒண்டு தந்தனீங்கள். கையெழுத்தோடை."

அவருடைய குரல் இறங்கியது. "உது பழங்கதை தங்கச்சி. நான் உமக்கும் அண்ணை மாதிரி."

"அது சும்மா கூப்பிடுற சொல்லெண்டு அண்டைக்கு நீங்கள்தானே சத்தியம் பண்ணிச் சொன்னனீங்கள்."

போனை வைத்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் விடு பிள்ளை என்றிருப்பீர்கள். நீங்கள் இல்லை அண்ணை. ஃபைலை நான்தான் வைத்திருக்கிறேன்.