மேப் சொல்லுதுங்க

வெல்லப் பானையை நேற்றே டிக்கியிலிருந்து எடுத்து அடுக்களையில் வைத்தாயிற்று. ஆனாலும் காலையில் கார்க் கதவைத் திறந்தால் புகை கலந்த அந்த ஈச்ச வெல்ல வாசனை குப்பென்று அடிக்கிறது. உன் சீட்டுப் பக்கம்தான் அதிகம் என்று தோன்றுகிறது. தோன்றிவிட்டுப் போகட்டும், யார் கேட்கப் போகிறார்கள்.

கல்கத்தாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் கரியாஹாட் சந்தையில் இதை விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "ஏங்க, இது நம்ம கருப்பட்டிக்குத் தங்கச்சிங்க" என்றாய். அதோடு நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் கட்சி மாறியது. பிறகு, கடை வெல்லத்தில் சீனி கலக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாய். அதிலிருந்து வருஷா வருஷம் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணநகரைத் தாண்டி ஒரு கிராமத்துக்கு, வெல்லம் காய்ச்சுகிறவர் வீட்டுக்கே போவது நமக்கு வழக்கமாகிவிட்டது.

நான் ஓட்டுவேன். நீ போனை மடியில் வைத்துக்கொண்டு வழி சொல்வாய். மேப்பில் பேசும் பெண்ணின் குரலை ஏறியதுமே அணைத்துவிடுவாய். "ரெண்டு பொம்பளைங்க வழி சொன்னா நீங்க வண்டியக் குளத்துல விட்டுருவீங்க." ஹைவேயில் கொஞ்ச தூரம்தான். பிறகு "லெஃப்ட்டுங்க" என்பாய். அப்புறம் கடுகு வயல், பாசி பிடித்த குளங்கள், ரோட்டை அடைத்துக்கொண்டு வைக்கோல் வண்டி, எப்போது போனாலும் மூடியே இருக்கும் ஒரு ரயில்வே கேட். நான் கத்துவேன். "எந்த மடையன் இந்த மேப்பப் போட்டான்? மாடு போற பாதையில கார விடுறான்!" நீ போனிலிருந்து முகத்தைத் தூக்காமல், "மேப் சொல்லுதுங்க, நான் என்ன செய்ய?" என்பாய்.

அந்தக் கேட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் வேறு என்ன செய்வது? பேசுவேன். ஆபீஸ் அரசியல், வேலை போய்விடுமோ என்ற பயம், அப்பா போனபோது எனக்கு அழுகையே வராதது, எல்லாம் அங்கேதான் உன்னிடம் சொன்னேன். வீட்டில் நான் வாயைத் திறந்தால் சாப்பிடத்தான். நீ "அப்புறம்?" என்று மட்டும் கேட்பாய்.

நீ போய்ச் சேர்ந்த வருஷம் பொங்கல் கிடையாது. இந்த வருஷம்தான் மறுபடி பானை ஏற்றுகிறோம். புனேயிலிருந்து மகள் வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து "காப்பி வேணுமாப்பா?", "வேணாம்மா", இவ்வளவுதான் எங்கள் பேச்சு. பொங்கல் முடிந்ததும் கிளம்பிவிடுவாள். இப்படியே கிளம்பிவிட்டால் இனிமேல் போனிலும் எங்களுக்குள் இந்தக் காப்பிதான் மிஞ்சும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

நேற்று அவளை உன் சீட்டில் உட்காரவைத்துப் புறப்பட்டேன். போனை முன்னால் மாட்டி, மேப் பெண்ணையும் பேச விட்டேன். நேரே போ, நேரே போ என்கிறாள். லெஃப்ட்டே வரவில்லை. கடுகு வயலைக் காணோம், குளத்தைக் காணோம். ரயில்வே கேட் வராமலே கிருஷ்ணநகர் வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டினேன். "தப்பு ரோட்ல வந்துட்டோம் பாப்பா."

அவள் சிரித்தாள். "தப்பு இல்லப்பா. எப்பவுமே மேப் சொல்ற ரோடு இதான்."

"அப்ப அந்த மாட்டுப் பாதை?"

"அது அம்மா ரோடு. மேப்ல நீலக் கோடு வரும்ல, அம்மா அதுல போகவே மாட்டா. பக்கத்துல சாம்பல் கலர்ல ஒண்ணு வரும், லேட்டாகும்னு போட்டிருக்கும். அதத்தான் தொடுவா. பின் சீட்லேர்ந்து பாத்துட்டு நான் ஒரு தடவ கேட்டேன்." உன் குரலிலேயே சொன்னாள். "'ஹைவேல போனா உங்கப்பா வண்டி மட்டும்தான் ஓட்டுவாரு. இதுல போனாத்தான் எங்கிட்டப் பேசுவாரு. சொல்லிராதடி'ன்னா."

அடிப்பாவி! இத்தனை வருஷமும் மேப் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஒன்றுமே தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தாயே. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. மகள் டிஷ்யூவை நீட்டினாள், தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

வெல்லக்காரரின் மனைவி பானையைத் துணியால் கட்டிக் கொடுக்கும்போது உன்னைத்தான் கேட்டாள். மகள்தான் பெங்காலியில் சொன்னாள். அந்த அம்மாள் ஒரு வெல்லக் கட்டியை மகளின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

திரும்பும்போதும் மேப் பெண் நேரே போகச் சொன்னாள். நான் குரலை அணைத்துவிட்டுப் போனைக் கழற்றி மகளிடம் கொடுத்தேன். "பாப்பா, அம்மா ரோட்டத் தொடு."

"லேட்டாகும்ப்பா."

"ஆகட்டும்."

கேட் மூடித்தான் இருந்தது. எஞ்சினை அணைத்தேன். கல்யாணமாகி நீ ஹவுராவில் வந்து இறங்கியபோது டிரங்குப் பெட்டி நிறையக் கருப்பட்டி கொண்டுவந்ததையும், அதைத் தூக்கிய போர்ட்டர் உள்ளே செங்கல்லா என்று சண்டைக்கு வந்ததையும் சொல்ல ஆரம்பித்தேன். இதெல்லாம் இவளுக்கு எதற்கு என்று பாதியில் நிறுத்திவிட்டேன். ரயில் போனது, கேட் ஏறியது, பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

மகள் மடியிலிருந்த போனிலிருந்து முகத்தைத் தூக்கவில்லை.

"அப்புறம்?" என்றாள்.