அரைச் செம்புத் தண்ணீர்

அன்புள்ள அண்ணே,

இன்று லுஹர் தொழுகைக்குப் பதுளைப் பள்ளிவாசலுக்குப் போனால் குழாயில் தண்ணீர் இல்லை. எங்கோ பைப் உடைந்துவிட்டதாம். வாளியில் பிடித்து வைத்ததை ஆளுக்கு ஒரு செம்பு என்று கொடுத்தார்கள். தொழுமுன் கை கால் கழுவும் வுழூவை இதில் எப்படிச் செய்வது என்று பக்கத்துக் கடைக்காரர் முணுமுணுத்தார். நான் முகம், கை, கால் எல்லாம் கழுவி முடித்தபோது என் செம்பில் பாதி மிச்சம் இருந்தது. அதை அவரிடமே நீட்டினேன். அப்போது உங்கள் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

துணி விற்க மூட்டையோடு பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாட்களில் நான் இப்படி இல்லை. உங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சேரும்போது சரியாகத் தொழுகை நேரமாகிவிடும். வாசல் இஸ்தோப்புத் திண்ணை ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துவிட்டு நீங்கள் உள்ளே பாய் விரிப்பீர்கள். எனக்கோ பொல்லாத சந்தேகம். மூன்று தடவை கழுவ வேண்டியதை ஐந்தாறு தடவை கழுவுவேன். முழங்கை நனைந்ததா, குதிகால் நனைந்ததா என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைக்கும் நீங்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

ஒரு வருடம் ஆடிக் காற்றில் லயத்துக்கே தண்ணீர் தரும் பீலி வற்றிப்போனது. அப்போதும் வாளி வந்தது, நானும் வழக்கம்போலக் காலி செய்தேன். தொழுதுவிட்டு வெளியே வந்தால், உங்கள் வீட்டு அக்கா வெறும் வாளியோடு மலையேறிப் போய்க்கொண்டிருந்தார். நான் கொட்டியது உங்கள் வீட்டின் அன்றைய குடிதண்ணீர் என்று அடுத்த வீட்டுப் பெண்தான் சொன்னாள். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

மறுநாளே மௌலவியிடம் போய் நின்றேன். உறுப்பு ஒரு தடவை முழுதாக நனைந்தால் கடமை முடிந்தது, மூன்று தடவை நபிவழியான சுன்னத்து, அதற்குமேல் ஊற்றுவது வீண்விரயம், ஒரு செம்பே தாராளம் என்றார். சந்தேகத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடச் சொன்னார். சொல்வது அவருக்குச் சுலபம்.

உங்களுக்குத் தொல்லை தரக்கூடாது என்று அடுத்த தடவை பதுளையிலிருந்தே ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு செய்த மடத்தனம் அது. போத்தலைத் திறந்ததும் உங்கள் முகம் செத்துப்போனது.

"எங்க தண்ணி ஒங்களுக்கு ஆகாதா நானா? டவுன்ல சில வீட்டுல எங்களுக்குச் செம்பு மேல படாம தூக்கித்தான் ஊத்துவாங்க. நீங்களுமா?"

இத்தனை வருடப் பழக்கம் அந்த ஒரு போத்தலில் போய்விடும் போலிருந்தது. என் சந்தேக வியாதி, அக்கா மலையேறியது, மௌலவி சொன்னது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். நீங்கள் என் போத்தலை வாங்கி உங்கள் குடத்தில் கவிழ்த்தீர்கள். பிறகு அதே குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்தீர்கள்.

"நான் ஊத்துறேன், நீங்க கழுவுங்க. நனைஞ்சிச்சா இல்லையான்னு நான் பாத்துச் சொல்றேன்."

மூன்று தடவை ஊற்றினீர்கள். பழக்கதோஷத்தில் நாலாவது தடவையும் கையை நீட்டினேன். செம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சொன்னீர்கள்: "நனைஞ்சிருச்சு நானா. நான் பாத்தேன்."

அன்று அரைச் செம்பில் என் வுழூ முடிந்தது. வேறு மார்க்கத்துக்காரர் தண்ணீர் ஊற்றலாமா என்று அதையும் மௌலவியிடம் கேட்டேன், சந்தேகக்காரன் அல்லவா. தாராளமாக ஊற்றலாம் என்று சிரித்தார். அதன்பின் மழை பெய்து பீலி கொட்டிய காலத்திலும் நீங்கள்தான் ஊற்றினீர்கள். சாமி கும்பிடுகிற நீங்கள் என் முழங்கைக்குக் காவல் இருந்தீர்கள்.

போன வருடம் உங்களைத் தேயிலைக்கு நடுவே அடக்கம் செய்தபோது நான் மிகவும் அழுதேன். இப்போது அழுகை வருவதில்லை. நல்ல நினைப்பாகத்தான் வருகிறீர்கள். சந்தேகம் மட்டும் என்னை முழுதாக விட்டுப் போகவில்லை. இன்றும் அஸர் தொழுகைக்கு வீட்டில் வுழூ செய்யும்போது நாலாவது தடவை கை தானாகக் குழாய்ப் பக்கம் போனது.

நனைஞ்சிருச்சு நானா, நான் பாத்தேன் என்றீர்கள். குழாயை மூடிவிட்டுத் தொழப் போனேன்.